மூன்றாவது படி

ரோஸியின் அளவு நோட்டை முன்பக்கத்திலிருந்து திறந்தால் தெருப் பெண்களின் தோள், மார்பு, கை நீளம் இருக்கும். பின்பக்கத்திலிருந்து திறந்தால் மழை இருக்கும்.

முன்பக்கத்துக்கு ஒளிவுமறைவு கிடையாது. ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் போன வருடத்துக்கு இந்த வருடம் தாங்கள் எவ்வளவு பெருத்திருக்கிறோம் என்று அவள் கையிலிருந்து பிடுங்கியே பார்ப்பார்கள். அப்படியே எதிர்வீட்டுக்காரியின் அளவையும் ஒரு கண் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவார்கள். பின்பக்கம் மட்டும் அவளுடையது. தையல் மெஷின் இழுப்பறையில், பாபின் டப்பாவுக்குக் கீழே நோட்டு கிடக்கும். ஒரு வார்த்தை பேச நாலு தடவை யோசிக்கிறவள், நான் மழையை அளக்கிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வாள்?

நான்கு வருடத்துக்கு முந்தைய நவம்பரில் ஆரம்பித்த பழக்கம் அது. சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் தெருவில் தண்ணீர் நின்று, வாசலைத் தாண்டி, வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. சாக்கடையும் கலந்த தண்ணீர். வடிய இரண்டு நாள் ஆனது. தெருவில் எல்லோரும் "திடீர்னு வந்துருச்சு" என்றார்கள். ரோஸிக்கு அந்தத் திடீர் பிடிக்கவில்லை. மழை பெய்தது, தெருவில் ஏறியது, படியில் ஏறியது, அதற்கப்புறம்தான் உள்ளே வந்தது. இதில் திடீர் எங்கே இருக்கிறது?

அடுத்த மழைக்காலத்தில் மொட்டை மாடியில் ஒரு வாளியை வைத்து, மகள் ஜெனியின் ஸ்கேலை விட்டு அளந்தாள். வாளி கீழே குறுகலாகவும் வாய் அகலமாகவும் இருந்ததால் கணக்கு கோணல்மாணலாக வந்தது. அது புரிய ஒரு மாதம் ஆனது. பிறகு பழைய டிபன் கேரியரின் ஒரு அடுக்கை எடுத்து வைத்தாள். அதற்கு அடியும் வாயும் ஒரே அகலம். மணிக்கொரு தடவை அளந்து கொட்டிவிட்டு, வாசலில் இறங்கித் தெருத் தண்ணீரின் ஆழத்தையும் அளப்பாள். பார்க்கிறவர்களுக்கு அவள் வாசல் பெருக்குவது போலத்தான் தெரியும்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு சென்டிமீட்டர் மழை பெய்தால் தெருத் தண்ணீரும் இரண்டு ஏறியது. அப்படியானால் மூன்று பெய்தால் மூன்று ஏற வேண்டும். ஆறு ஏறியது. இந்த முடிச்சை அவிழ்க்க அவளுக்கு ஒரு முழு மழைக்காலம் பிடித்தது. மழை ஒரு சென்டிமீட்டர் கூடினால் தெருவில் நான்கு கூடுகிறது. ஏனென்றால் அத்தனை வீட்டு மொட்டை மாடித் தண்ணீரும் குழாய் வழியாகத் தெருவுக்குத்தான் வருகிறது. அந்தக் கணக்குப்படி இரண்டு பெய்தால் எட்டு ஏற வேண்டும். இரண்டுதான் ஏறியது என்றால், மிச்சம் ஆறையும் தெருமுனைக் கால்வாய் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் அவள். அம்மா படுக்கையில் விழுந்தபோது வகுப்பில் இயற்கணிதம் பாதியில் இருந்தது. தெரியாத எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு மேலே நடக்கலாம் என்பது வரைக்கும் வந்திருந்தாள். அது போதுமாக இருந்தது. மழைக்கு 'ம' என்று வைத்தாள். தெருத் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் ஏறுவது 4ம – 6. அதற்குப் பக்கத்தில் தன் வீட்டு வாசலை வரைந்தாள். தெருவிலிருந்து நேராக ஏறும் மூன்று படிகள், ஒவ்வொன்றும் பதினைந்து. ஆக, வாசல் 45. இப்போது தெருவில் நிற்கும் தண்ணீரை 45-இலிருந்து கழித்து, மீதியை 4ம – 6-ஆல் வகுத்தால், எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்துவிடும்.

மழை மாறும். தெருத் தண்ணீர் மாறும். வாசல் மட்டும் மாறாது. அதனால் 45-க்குக் கீழே இரண்டு கோடு போட்டு வைத்தாள்.

இந்த வருடம் அந்தக் கணக்குக்கு ஒரு அவசியம் வந்தது. கணவன் ஆஸ்டின் பொத்தேரியில் ஒரு கல்லூரி விடுதியில் ஸ்டோர் பார்ப்பவன். செப்டம்பரில் கூடுவாஞ்சேரி சிக்னலில் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்து, மூன்று மாதம் அசையக்கூடாது என்று படுக்கப் போட்டிருந்தார்கள். அக்டோபரில் ஒரு நாள் பெருமழை என்று செய்தி வந்தது. தெருவே பயந்துபோய், பழைய வெள்ளத்தை நினைத்துக்கொண்டு, ஆஸ்டினை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து மாடி வீட்டுக்குத் தூக்கியது. அன்றைக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனால் நாற்காலியில் மடங்கியதில் தகட்டின் ஒரு திருகு நகர்ந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், "இன்னொரு தடவை இப்படிப் பண்ணீங்கன்னா திரும்பவும் ஆபரேஷன்தான்" என்றார். ஆஸ்டின் ஒரு வாரம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான்.

இப்போது நவம்பர். தூக்கினாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. தையல் பிரித்த புண் இன்னும் முழுதாகக் காயவில்லை. சாக்கடைத் தண்ணீர் வந்தால் கட்டில் மட்டும் தீவாகி நிற்கும். மாடிப்படியோ வீட்டுக்கு வெளியே, பக்கவாட்டில் இருந்தது. தெருவில் இறங்கித்தான் ஏற வேண்டும். அதனால் தண்ணீர் வந்த பிறகு தூக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். பதினொரு மணிக்குத் தெருவில் ஆறு சென்டிமீட்டர். பன்னிரண்டுக்குப் பத்து. டிபன் அடுக்கில் இரண்டரை. நாலு இரண்டரை பத்து, அதில் ஆறு போக நாலு. மணிக்கு நாலு ஏறுகிறது. 45-இல் பத்துப் போனால் முப்பத்தைந்து, நாலால் வகுத்தால் எட்டே முக்கால் மணி நேரம். மாடி வீட்டு ஷ்யாம்சுந்தர், "அஞ்சு மணிக்கு மேல குறைஞ்சிடும்னு போட்டிருக்கான் சிஸ்டர்" என்று கைபேசியைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். அஞ்சு மணிக்குத் தண்ணீர் முப்பதில் இருக்கும். வாசலுக்கு இன்னும் பதினைந்து மிச்சம்.

ரோஸி நோட்டை மூடும்போது வாசலில் துரையின் குரல் கேட்டது. எதிர்வீட்டு ஆட்டோக்காரன். பின்னால், இன்னொரு ஆட்டோ ஓட்டும் அவன் தம்பி அன்பு, தலையில் உரச்சாக்கு.

"அக்கா, நாங்க ரெண்டு பேரும் வண்டிய மேம்பாலத்துல ஏத்தப் போறோம். ஏத்திட்டா ராவுக்குத்தான் எறக்குவோம். அண்ணன தூக்கணும்னா இப்பவே சொல்லிடு. அப்பால ஆள் கெடைக்காது."

கட்டிலிலிருந்து ஆஸ்டின், "வேணாம்பா துரை. போன மாசம் தூக்குனதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்" என்றான்.

"நீ கத்துன கத்துல தாம்பரத்துல ட்ரெயினே நின்னுடுச்சாம்ண்ணே. சிக்னல்னு நெனச்சிகினான் போல."

"உன் தம்பி கைய விட்டான், அதைச் சொல்லு."

"நான் எங்கண்ணே வுட்டேன்? நீதான் என் தலமுடிய புடிச்சிகினு தொங்குன. இன்னும் அந்த எடத்துல முடி மொளைக்கல, பாரு" என்று அன்பு சாக்கைத் தூக்கிக் காட்டினான்.

துரை ரோஸியைப் பார்த்தான். "இன்னாக்கா சொல்ற?"

"வேண்டாம் துரை. இன்னைக்கு வராது" என்றாள் ரோஸி. அவள் இவ்வளவு தீர்மானமாகப் பேசிக் கேட்டிராத துரை ஒரு நிமிடம் நின்றான். பிறகு, "சரி, அக்காவே சொல்லிடுச்சு. வாடா" என்று நடந்தான்.

ஜெனி வாசல் நிலையில் உட்கார்ந்து காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தாள். ஏழாவது படிக்கிற பெண் கப்பல் விடலாமா என்று யாராவது கேட்டால், இது சோதனைக் கப்பல் என்பாள்.

"அம்மா, இன்னும் ஒரு படிதான். அப்புறம் கப்பல நம்ம ஹால்லயே விடலாம்."

"ஒரு படியா? நல்லா பாரு. ரெண்டு படி இருக்கும்."

"எங்க இருக்கு? நீயே வந்து எண்ணு."

ரோஸி வந்து எண்ணினாள். கீழ்ப்படியில் முக்கால்வாசி மூழ்கியிருந்தது. அதற்கு மேலே ஒரே ஒரு முழுப் படி. அதற்கு மேலே வாசல்.

நோட்டுப் படத்தில் மூன்று படி இருந்தது. வாசலில் இரண்டுதான் இருந்தது.

மே மாதம் புதுத் தார் ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி, உருட்டி, போய்விட்டார்கள். தெருவே கூடி நின்று கத்தியது, ரோஸியும் பின்வரிசையில் நின்றாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படி காணாமல் போனது. ஆஸ்டின்கூட அன்றைக்கு, "விடு, ஒரு படி கம்மி, முட்டிக்கு நல்லது" என்று சிரித்தான். அதற்குப் பிறகு ஆறு மாதமாக அந்த இரண்டு படிகளில்தான் அவள் தினமும் ஏறி இறங்குகிறாள், பெருக்குகிறாள், கோலப்பொடி வாங்குகிறாள். கால்களுக்குத் தெரிந்தது நோட்டுக்குத் தெரியவில்லை. ஆழத்தைப் புது ரோட்டிலிருந்து அளந்துகொண்டு, வாசலைப் பழைய ரோட்டிலிருந்து கணக்குப் பண்ணியிருக்கிறாள். மாறாது என்று இரண்டு கோடு போட்டு வைத்ததுதான் மாறியிருக்கிறது.

மெஷின் மேல் நோட்டை விரித்தாள். வாசல் முப்பது. பத்துப் போனால் இருபது. மழை இதே இரண்டரையில் நின்றால் நாலால் வகுத்து ஐந்து மணி நேரம். சரியாக அஞ்சு மணிக்கு வாசலைத் தொடும். மூன்றாகக் கூடினால் ஆறால் வகுக்க வேண்டும், மூன்று மணி நேரம் சொச்சம். நான்கு பெய்தால் பத்தால் வகுத்து இரண்டே மணி நேரம். வெளியே மழையின் சத்தம் தடித்திருந்தது.

ஆட்டோ ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

ரோஸி குடை எடுக்கவில்லை. நோட்டை மாராப்புக்குள் செருகிக்கொண்டு தண்ணீரில் ஓடினாள். தெருமுனையில் துரையின் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. அவள் வாழ்நாளில் தெருவில் நின்று யாரையும் கூவி அழைத்ததில்லை. இப்போது கூவினாள். தெருமுனை வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"இன்னாக்கா? இப்பத்தான வேணாம்ன?"

"நான் போட்ட கணக்கு தப்பு துரை."

"இன்னா கணக்கு?"

"தண்ணி கணக்கு. ராத்திரி வரைக்கும் வராதுன்னு நினைச்சேன். வந்துரும். அஞ்சு மணிக்கு. அதுக்கு முன்னாடியே வரலாம்."

பின்வண்டியிலிருந்து அன்பு, "அக்காவுக்கு வானிலை ஆபீஸ்ல வேல கெடைச்சிருச்சாண்ணா?" என்றான்.

துரை சிரிக்கவில்லை. "அக்கா, போன மாசமும் இப்டித்தான் வரும் வரும்னு சொல்லிகினு தூக்கினோம். அண்ணன் வலில துடிச்சது எனக்கே பேஜாரா பூடுச்சு. மறுபடி தூக்கி, மறுபடி தண்ணி வரலன்னா, அப்பால அவுரு மூஞ்சிய நான் எப்டி பாக்குறது?"

ரோஸி நோட்டை எடுத்தாள். மழைக்கு மறைவாக ஆட்டோவின் கூரைக்குக் கீழே விரித்தாள். எழுத்தும் எண்ணுமாகக் கிடந்த பக்கத்தைத் துரை ஒன்றும் புரியாமல் பார்த்தான். அவள் விரல் வாசல் படத்தில் போய் நின்றது.

"இது எங்க வீட்டு வாசல். எத்தனை படி வரைஞ்சிருக்கேன்?"

"மூணு."

"இப்ப திரும்பிப் பாரு."

துரை திரும்பிப் பார்த்தான். மழைக்கு நடுவே கண்ணைச் சுருக்கி எண்ணினான். பிறகு தன் வீட்டு வாசலையும் பார்த்தான்.

"ஆமா. ஒண்ண ரோட்டுக்காரன் முழுங்கிட்டான்ல" என்றான் மெதுவாக. "டேய் அன்பு, வண்டிய ஆஃப் பண்ணுடா."

ஆஸ்டின் ஒப்புக்கொள்ளவில்லை. யாரும் தொடக்கூடாது என்று கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். துரையும் அன்பும் கூடத்தில் சொட்டச் சொட்ட நின்றார்கள். ஷ்யாம்சுந்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்திருந்தார்.

ரோஸி கட்டில் அருகே உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. தண்ணி எப்ப வரும்னு தெரியும்."

"எப்ப?"

"மழை இப்படியே பேஞ்சா அஞ்சு மணி. கூடுச்சுன்னா மூணு, ரெண்டு."

"குறைஞ்சா?"

"ஒன்றரைக்குக் கீழ குறைஞ்சா வரவே வராது. கால்வாயே எல்லாத்தையும் இழுத்துக்கும்."

"அப்ப வராமலும் போகலாம்."

"போகலாம். வராமப் போனா நான் உங்களைச் சும்மா தூக்குனதா ஆயிடும். அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

ஆஸ்டின் அவள் கையிலிருந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். போன மாதம் அவனிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கினார்கள். அவன் சட்டத்திலிருந்து ஒரு கையை எடுத்தான். பிறகு இன்னொன்றையும் எடுத்தான்.

"நாற்காலி வேண்டாம்" என்றான்.

"நாற்காலி இல்ல" என்றாள் ரோஸி. "நேரம் இருக்கு. பலகையில போவோம்."

துணி வெட்டுகிற மேசையின் மேல்பலகையைத் துரை கழற்றினான். ஆறடிப் பலகை. அதன் மேல் மெத்தை விரிப்பைப் போட்டு, போர்வையோடு ஆஸ்டினை அப்படியே நகர்த்தி, இடுப்பு மடங்காமல் இரண்டு பழைய சேலையால் கட்டினார்கள். கட்டுவதற்கே கால் மணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. தலைமாட்டில் துரையும் அன்பும், கால்மாட்டில் ஷ்யாம்சுந்தரும் ரோஸியும். ஜெனி கூடவே நடந்து உரச்சாக்கைக் கூரையாகப் பிடித்தாள். மாடிப்படித் திருப்பத்தில் பலகை ஒரு பக்கம் சாய்ந்தபோது ஆஸ்டின் பல்லைக் கடித்துக்கொண்டு பைபிளிலிருந்து ஏதோ சங்கீதத்தை முணுமுணுத்தான்.

"அண்ணே, ஜெபம் பண்றியா, என்னத் திட்றியா?" என்றான் அன்பு.

"ரெண்டும்தான். பாத்து வா."

மாடி வீட்டுக் கூடத்தில் இறக்கியபோது அவன் முகம் வெளுத்திருந்தது, ஆனால் கத்தவில்லை. கால் விரல்களை அசைக்கச் சொன்னாள் ரோஸி. அசைத்தான். துரையும் அன்பும் டீ குடிக்கக்கூட நிற்காமல் வண்டிகளை எடுத்துக்கொண்டு மேம்பாலத்துக்குப் போனார்கள்.

அதற்கப்புறம் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. ரோஸி மணிக்கொரு தடவை மொட்டை மாடிக்குப் போய் அடுக்கையும், கீழே இறங்கித் தெருத் தண்ணீரையும் அளந்தாள். இப்போது மறைக்க ஒன்றுமில்லை, எல்லோருக்கும் முன்னாலேயே எழுதினாள். ஒரு மணிக்கு மூன்று சென்டிமீட்டர், தெருவில் பதினாறு. இரண்டு மணிக்கு மூன்றரை, தெருவில் இருபத்துநான்கு. இதே மழை நின்று பெய்தால் மணிக்கு எட்டு ஏறும், மீதி ஆறுதான்.

"முக்கால் மணி" என்றாள். "ரெண்டே முக்காலுக்கு உள்ள போகும்."

ஷ்யாம்சுந்தர் தன் கைபேசியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

ஜெனி பால்கனியில் நின்று கைபேசியில் மணி பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டுக்குள் தண்ணீர் போக வேண்டும் என்று வேண்டுகிற மாதிரியும் இருந்தது, போகக்கூடாது என்கிற மாதிரியும் இருந்தது. ரோஸிக்கும் அப்படித்தான். கணக்கு தப்பினால் வீடு தப்பும், கணக்கு பலித்தால் வீடு முழுகும். இரண்டையும் ஒன்றாக ஆசைப்பட முடியவில்லை. கீழே மெஷினைக் கட்டில் மேல் ஏற்றி வைத்திருந்தாள். மற்றதெல்லாம் துணிதான், துவைத்துக்கொள்ளலாம்.

"ம்மா, போகுது" என்றாள் ஜெனி. "மணி ரெண்டு அம்பது. நீ சொன்னத விட அஞ்சு நிமிஷம் லேட்டு. மிஸ்ஸா இருந்தா அரை மார்க் குறைப்பாங்க."

கீழே எங்கோ ஒரு பாத்திரம் மிதந்து சுவரில் இடித்தது.

ஆஸ்டின் பலகையில் படுத்தபடியே, "ரோஸி, அந்த நோட்ட இங்க குடு" என்றான். பின்பக்கமிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். நான்கு வருடத்து மழை. அவன் பைக்கில் நனைந்து வந்து திட்டிய நாட்கள், கூடுவாஞ்சேரியில் மாட்டிக்கொண்டு பத்து மணிக்கு வந்த நாள், எல்லாம் எண்ணாக இருந்தன.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சிரிப்பீங்கன்னு நினைச்சேன்."

அவன் இன்னும் ஒரு தாளைப் புரட்டினான். "சிரிச்சிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டான்.

தண்ணீர் இரண்டாம் நாள் மாலை வடிந்தது. வீட்டைக் கழுவும் முன்னால் ரோஸி ஸ்கேலோடு வாசலில் குந்தினாள். அந்த ஐந்து நிமிடத் தாமதம் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. கீழ்ப்படியின் அடியில் இருந்த சேற்றை விரலால் வழித்தாள். தாருக்கு மேலே ஒரு சிறு விளிம்பு தட்டுப்பட்டது. மூன்றாவது படி. ரோடு அதை முழுக்க விழுங்கியிருக்கவில்லை, ஒரு அரை சென்டிமீட்டர் வெளியே விட்டிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். 45-ஐயும் அதன் கீழிருந்த இரண்டு கோடுகளையும் அடித்தாள். அந்த இடத்தில் முப்பதரை என்று எழுதப் போனவள் நிறுத்தினாள். படிகளின் உயரத்துக்கு 'ப' என்று வைத்தாள். ஓரத்தில் சின்னதாக, ப = 30½ என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டாள். அதற்குக் கீழே இன்னும் நாலைந்து தேதி எழுத இடம் விட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்தாள்.